பெட்டிக்குள் இருப்பது கேமா, சாவி மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி போனஸ் கைக்கு வரும் நாட்களில் சேலத்துக் கடைகளில் டிவியில் மாட்டி ஆடும் கேம் கன்சோல் விற்பனை ஏறும். வாங்க வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “ஆடி முடிச்சப்புறம் இந்த டிஸ்க்கைத் திருப்பி வித்துக்கலாமா?” நியாயமான கேள்வி. சோனியின் பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோலுக்கான புது கேம் ஒன்று 4,000 முதல் 5,000 ரூபாய் வரை போகிறது. 4,500-க்கு வாங்கியதை முடித்தபின் 2,500-க்குக் கைமாற்றினால் அந்த வீட்டுக்கு ஆன செலவு 2,000. கைமாற்றவே முடியாத கேம் என்றால் 4,500-ம் போனதுதான். எது எந்த வகை என்பதைப் பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலைக்கு இப்போது வந்திருக்கிறோம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செவ்வாய்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசை அவசரத்துக்கு விற்கப் போனால், அதைச் செய்த பட்டறையிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. எடை போட்டு, தரம் பார்த்து, காசை எண்ணிக் கொடுக்கிறார்கள். கேம் டிஸ்க்கும் பிஎஸ்2 காலத்திலிருந்து அப்படித்தான் கைமாறி வந்தது. அதை முதலில் பெரிய அளவில் நிறுத்தப் பார்த்தது 2013-ல். அந்த ஆண்டு ஜூன் 6 அன்று, வரவிருந்த ‘எக்ஸ்பாக்ஸ் ஒன்’ என்ற தன் கன்சோலுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த விதிகள் இவை: கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நெட்டில் வந்து ஒப்புதல் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்க் கேம்கூட ஓடாது, டிஸ்க்கை நண்பருக்குக் கொடுக்கலாம், ஆனால் அவர் 30 நாளாவது உங்கள் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரே ஒருமுறை, கடையில் பழைய கேமை எடுத்துக்கொள்ளலாமா என்பதை வெளியீட்டு நிறுவனம் முடிவு செய்யும். நான்கே நாளில் சோனி மேடையேறி, பிஎஸ்4-ல் இப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்றது. எதிர்ப்பு தாங்காமல் ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் விதிகளைத் திரும்பப் பெற்றது. அந்தத் திட்டத்தில் நல்லதும் ஒன்று இருந்தது: குடும்பத்தில் பத்துப் பேர் வரை ஒரே கேம் தொகுப்பைப் பகிரலாம் என்ற ஏற்பாடு. கெட்டதோடு சேர்ந்து அதுவும் போனது. இது எங்களுக்கு இன்றும் வருத்தம்தான்.

அன்று முன்வாசலில் தடுத்தது இன்று கொல்லை வழியாக வந்துவிட்டது. டிஸ்க் டிரைவே இல்லாத கன்சோல் ஒரு வழி. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ஸும் முதலில் வந்த பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனும் அந்த வகை. விலை குறைவு என்று வாங்குகிறவர், இனி வாங்கும் ஒவ்வொரு கேமையும் ஒரே ஒரு கடையில், அந்தக் கடை சொன்ன விலைக்கு, திருப்பி விற்கும் வழியின்றி வாங்கப் போகிறார். சில கேம்களைக் கைமாற்றினாலே ஈடாகிவிடக்கூடிய விலை வித்தியாசம் அது. இதைக் கடைக்காரர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வழி, டிஸ்க் இருக்கும், கேம் இருக்காது. 2022-ல் வந்த ‘கால் ஆஃப் டூட்டி’ கேமின் பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது 100 எம்.பி.கூட இல்லை. மிச்சம் முழுக்க நெட்டில் இறங்க வேண்டும். 2025 ஜூன் 5 அன்று வந்த நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 கன்சோலில் கேம்-கீ கார்டு என்று ஒரு வகையே இருக்கிறது: கார்டில் கேம் கிடையாது, இறக்கிக்கொள்ள உரிமை தரும் சாவி மட்டும். இறக்கிய பிறகும் ஆடும்போதெல்லாம் கார்டு செருகியிருக்க வேண்டும். ஆனாலும் அதை எந்தக் கணக்கோடும் கட்டிப்போடவில்லை, விற்கலாம், இரவல் கொடுக்கலாம். பெட்டியின் முன்பக்கத்திலேயே சாவிப் படம் போட்டு, எத்தனை ஜி.பி. இறக்க வேண்டும் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த நேர்மையை நாங்கள் பாராட்டுகிறோம், மற்றவர்களிடம் அதிகம் பார்க்காதது அது. ஸ்விட்ச் 2-ன் உள் நினைவகம் 256 ஜி.பி.தான், பழைய ஸ்விட்ச்சில் போட்ட மைக்ரோ எஸ்டி கார்டில் கேம் ஓடாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் கேமை இறக்கிக்கொள்ளும் குறியீட்டு எண் எழுதிய காகிதம் மட்டும் இருக்கும் வகையும் உண்டு. ஒருமுறை அந்தக் குறியீட்டு எண்ணைப் போட்டுவிட்டால் அந்தப் பெட்டி செகண்ட் ஹேண்டில் காலி டப்பா.

இதில் அதிகம் அடிபடுவது சேர்வராயன் மலை மேல் இருப்பவர்கள். 100 ஜி.பி. கேமை நொடிக்கு 40 மெகாபிட் வரும் ஃபைபரில் இறக்கினால் ஐந்தரை மணி நேரம். அஸ்தம்பட்டியில் இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ரெடி. நாகலூரிலோ மஞ்சகுட்டையிலோ செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கும் வீட்டில் சிக்னல் நொடிக்கு 4 மெகாபிட் வந்தால் அதே கேமுக்கு 55 மணி நேரம். நாளுக்கு 1.5 ஜி.பி. பேக் என்றால் 67 நாள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டும் லைனும் போகும் நாட்களை இதில் சேர்க்கவில்லை. 2013-ன் 24 மணி நேர விதி நின்றிருந்தால் சேர்வராயன் மலையில் எத்தனை நாள் டிஸ்க் கேம் ஓடியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் டிஸ்க் வாங்கும் முன் கடையிலேயே செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பத்து, பதினைந்து நிமிடம் ஆகும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் செய்யுங்கள். முதலில் கடைக் கன்சோலில் அந்தக் கேம் ஏற்கெனவே ஏற்றியிருந்தால் அதை அழிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நெட்டில் இறங்கிய பழைய கோப்பு ஓடி, டிஸ்க் நல்லது போலக் காட்டிவிடும். அடுத்து நெட்டை நிறுத்துங்கள். பிஎஸ்5-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க், மறுபடி செட்டிங்ஸ் என்று போனால் ‘கனெக்ட் டு தி இன்டர்நெட்’ என்று வரும், அதை அணைக்க வேண்டும். பிஎஸ்4-ல் நெட்வொர்க் பகுதியிலேயே அது இருக்கிறது. பிறகு டிஸ்க்கைப் போட்டு ஏற்றுங்கள். மெனு வந்ததோடு நிறுத்தாமல், புது ஆட்டம் தொடங்கி முதல் காட்சியைத் தாண்டிப் போய்ப் பாருங்கள். அதுவரை தடங்கல் இல்லாமல் ஓடினால் டிஸ்க்கில் சரக்கு இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

கீறல் விஷயத்தில் பழைய அனுபவத்தை வைத்து ஏமாறாதீர்கள். டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மி.மீ. ஆழத்தில் இருந்தது, அதனால் பாலிஷ் மெஷினில் தேய்த்துக் கீறலை எடுக்க முடிந்தது. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் ப்ளூரே வகை. அதில் தகவல் அடுக்குக்கு மேல் இருப்பது 0.1 மி.மீ. மட்டுமே. தேய்த்தால் கீறலோடு கேமும் போய்விடும். நகத்தால் தடவும்போது கீறல் நிரடினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். டிஸ்க் எந்த வட்டாரத்துக்கானது என்று காட்டும் எண்ணையும் பாருங்கள். டிஸ்க் எந்த நாட்டுக் கன்சோலிலும் ஓடும். ஆனால் கேமுக்கு நெட்டில் தனியாக வாங்கும் கூடுதல் பகுதிகள் டிஸ்க்கும் கணக்கும் ஒரே வட்டாரமாக இருந்தால்தான் ஏறும். வெளிநாட்டிலிருந்து வந்த டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் பணம் கட்டிக் கூடுதல் பகுதி வாங்கினால் அது சேராமல் நிற்கும், பணமும் எளிதில் திரும்பாது.

இப்போது பரவலாக நடக்கும் ‘அக்கவுண்ட் கேம்’ வியாபாரத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் தன் கணக்கில் டிஜிட்டல் கேம் வாங்கி, அந்தக் கணக்கை ‘பிரைமரி’ என்று ஒருவருக்கும் ‘செகண்டரி’ என்று இன்னொருவருக்கும் 1,000, 1,500 ரூபாய்க்கு விற்கிறார். பிரைமரி என்பது பிஎஸ்4-ல் அக்கவுண்ட் மேனேஜ்மென்ட்டில் இருக்கும் ஒரு சுவிட்ச். பிஎஸ்5-ல் ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே’ என்ற பெயரில் இருக்கிறது. அதைப் போட்ட கன்சோலில் எல்லாருடைய கணக்கிலும், நெட் இல்லாமலும் கேம் ஓடும். சிக்கல் என்னவென்றால் கணக்கின் சொந்தக்காரர் எல்லாக் கருவிகளையும் ஒரே அழுத்தில் துண்டிக்க முடியும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அப்படித் துண்டித்து வேறு ஆளுக்கு விற்றுவிட்டால், உங்கள் கன்சோலில் கேம் படத்தின் மேல் சின்னதாக ஒரு பூட்டு வந்து உட்காரும். கேம் ஹார்டு டிஸ்க்கில் முழுசாக இருக்கும், திறக்காது. திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கிய கணக்கு என்றால் கணக்கே முடங்கும். நிறுவன விதிக்கு மாறான வியாபாரம் என்பதால் புகார் கொடுக்கவும் வழியில்லை. தயவுசெய்து பிள்ளைகளை இதில் இறங்க விடாதீர்கள்.

பூட்டு கேமில் மட்டும் இல்லை, கன்சோலின் உள்ளேயும் இருக்கிறது. பிஎஸ்4-ன் கடிகாரத்தை ஓட்டுவது சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் நாணய பேட்டரி. அது தீர்ந்தால் கன்சோலுக்கு நேரம் தெரியாது, நெட்டில் சோனியைக் கேட்கும். நெட்டும் இல்லையென்றால் சொந்த டிஸ்க்கைப் போட்டால்கூட ஓடாது என்ற நிலை இருந்தது. கேமில் ஜெயித்தால் திரையில் கிடைக்கும் பரிசுக் கோப்பைகளுக்கு நேர முத்திரை குத்துவதற்காக வைத்த ஒரு சரிபார்ப்பு, முழுக் கன்சோலையும் முடக்கும் அளவுக்குப் போனது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 மென்பொருளில் சரிசெய்தார்கள். எனவே பரணில் கிடந்த பழைய பிஎஸ்4 வாங்கினால் முதல் வேலை அப்டேட். கன்சோலுக்கு நெட் வேண்டியதில்லை. பென் டிரைவில் ‘பிஎஸ்4’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘அப்டேட்’ ஃபோல்டர், பெயர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தில். அதற்குள் சோனி தளத்தில் இறக்கிய கோப்பு. கன்சோலை அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை, சுமார் ஏழு நொடி, அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடு வரும். கண்ட்ரோலரை யுஎஸ்பி வயரில் செருகி, மூன்றாவது தேர்வில் அப்டேட் செய்யலாம். ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் கோப்பு இல்லை என்றுதான் சொல்லும்.

டிஸ்க் டிரைவும் அப்படித்தான். பிஎஸ்4, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் மாடல்கள் பலவற்றில் டிரைவின் சர்க்யூட் போர்டு அந்தக் கன்சோலின் மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறு கன்சோலின் டிரைவை அப்படியே எடுத்துப் போட்டால் டிஸ்க் உள்ளே போகும், வெளியே வரும், கேம் ஓடாது. ஆகவே டிரைவ் கெட்டால் பழைய போர்டைத் தூக்கிப் போடாதீர்கள், மெக்கானிக்கும் போட விடாதீர்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது லென்ஸ்தான். பிஎஸ்4 ஸ்லிம், ப்ரோ இரண்டுக்கும் கே.இ.எஸ்.-496ஏ, முதல் பிஎஸ்5-க்கு கே.இ.எஸ்.-497ஏ என்ற லென்ஸை மட்டும் மாற்றி, பழைய போர்டிலேயே இணைத்தால் போதும். போர்டு எரிந்துவிட்டால் அலமாரி நிறைய டிஸ்க் இருந்தும் பயனில்லை. 2023-ல் வந்த ஒல்லி பிஎஸ்5-ல் டிரைவை நாமே கழற்றி மாட்டலாம், ஆனால் முதன்முறை ஜோடி சேர்க்க நெட் கட்டாயம். ஜோடி சேர்த்துவைக்கும் சோனியின் சர்வர் இருக்கும்வரைதான் இந்த வசதி. 2024 மார்ச் 31 அன்று யுபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வரை நிறுத்தியபோது, டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களும் தனியாகக்கூட ஆட முடியாமல் போனது.

நிறுவனங்கள் தரப்பில் சொல்லும் நியாயமும் உண்டு. செகண்ட் ஹேண்ட் விற்பனையில் கேம் செய்தவருக்கு ஒரு ரூபாயும் போவதில்லை. அதனால்தான் இ.ஏ. நிறுவனம் 2010-ல், பழைய டிஸ்க் வாங்கியவர் நெட்டில் ஆடத் தனிக் காசு என்று ஆன்லைன் பாஸ் கொண்டு வந்தது. 2013-ல் அவர்களே கைவிட்டார்கள். பழையதை விற்ற பணம்தான் பெரும்பாலும் அடுத்த புதுக் கேமுக்குப் போகிறது என்பதை அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில், கணினி நிரலின் பிரதி முன்பே விற்கப்பட்டதாக இருந்தாலும் அதை விற்கும் உரிமை உரிமையாளருக்கே என்ற பொருளில் இருந்த சொற்கள் 1999 திருத்தத்தில் நீக்கப்பட்டன. காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கை விற்பதில் தவறில்லை என்று நாங்கள் கொள்வது அதனால்தான். வாடகைக்கு விடுவது வேறு, அதற்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு கேமின் டிஜிட்டல் பூட்டை உடைப்பதற்கு 65ஏ பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. ஆக, விற்க உரிமை இருக்கிறது. விற்பதற்குப் பொருள்தான் கையில் இல்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல், டிஜிட்டல் கேமை விற்கும்போது இது உரிமம் மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம்மிடம் 2011-ன் பொட்டலப் பொருட்கள் விதிகள் இருக்கின்றன. பிஸ்கட் பாக்கெட்டில் எத்தனை கிராம் என்று போடாமல் விற்க முடியாது. 5,000 ரூபாய் கேம் பெட்டியில் உள்ளே முழு கேம் இருக்கிறதா, எத்தனை ஜி.பி. இறக்க வேண்டும், நெட் இல்லாமல் ஓடுமா, சர்வர் எந்த ஆண்டு வரை உறுதி என்ற நான்கு வரியை முன்பக்கத்தில், தமிழிலும் போடச் சொல்லி மத்திய நுகர்வோர் துறை அந்த விதிகளைத் திருத்த வேண்டும். சேலம் தொகுதி எம்.பி. இதை நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்ப வேண்டுகிறோம். அதுவரை, முழு கேம் என்று சொல்லி விற்ற டிஸ்க்கில் சாவி மட்டும் இருந்தால் பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பில்லில் கேமின் பெயரோடு ‘முழு டிஸ்க்’ என்று கடைக்காரர் கையால் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கேம் கன்சோல் சர்வீஸ் செய்வோர் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 636 007.