கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினித் திரை அடிக்கடி கறுத்துப்போகிறது என்றோ, படம் திருத்தும் மென்பொருள் திறந்த சில நொடிகளில் தானாக மூடிக்கொள்கிறது என்றோ சொல்லிப் பழுதுபார்க்கும் கடைக்குச் செல்பவர்களில் பலருக்கு, திரையில் தெரியும் படத்தை உருவாக்கித் தரும் கிராபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டும் என்ற பதிலே முதலில் கிடைக்கிறது. சிறிய டிடிபி கடையோ புகைப்பட ஸ்டுடியோவோ எளிதில் தாங்கக்கூடிய செலவன்று அது. பின்னணியில் ஓடும் மென்பொருள்களின் மோதல்தான் காரணமா என்று முதலில் சோதிப்பதைக் கடைக்காரர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

திரையைப் பதிவு செய்யும் மென்பொருள்களில் சிலவும், ரிவாடியூனர் போல விளையாட்டின் மேல் வேகக் கணக்கைக் காட்டும் ஓவர்லேக்களும், நாம் திறந்திருக்கும் மென்பொருளுக்குள் தங்கள் நிரலைச் செலுத்தி, ஒவ்வொரு காட்சியும் திரைக்குச் செல்லும் கணத்தில் இடைபுகுந்து வரைகின்றன. இப்படிப்பட்ட இரண்டு ஒரே இடத்தில் புகுந்தால் திரை சிமிட்டலாம், கறுத்துப்போகலாம், மென்பொருளே நின்றுவிடலாம். பல மடிக்கணினிகளில் வாங்கும்போதே இருக்கும் நஹிமிக் என்ற ஒலி மென்பொருள்கூட இத்தகைய சிக்கலுக்குக் காரணமாகியிருக்கிறது. படம் கெடுவதற்கு ஒலி மென்பொருளை யாரும் சந்தேகிப்பதில்லை என்பதால் அது கடைசிவரை அகப்படுவதில்லை.

கிராபிக்ஸ் சிப் 2 நொடிகளுக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் தானாகவே டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, மீட்டெடுக்க முயல்கிறது. மீட்டெடுத்தபின், கணினியில் நடப்பவற்றைப் பதிந்து காட்டும் ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணுடன் குறிப்பு பதிவாகிறது. டிரைவர் பதிலளிக்காமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் நின்றது என்பதைச் சொல்வதில்லை. அதைக் கார்டு பழுதுக்குச் சான்றாகக் காட்டுவது சரியன்று.

மிக அவசியமானவற்றை மட்டும் கொண்டு விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடில் சோதித்துவிட்டு முடிவு சொல்வதும் போதாது. அங்கே கார்டுக்குரிய டிரைவர், பின்னணி மென்பொருள்கள் இரண்டுமே விலகிவிடுவதால், சிக்கல் மறைந்தாலும் எது விலகியதால் மறைந்தது என்று தெரியாது. டிரைவரை இருக்கவிட்டு, பின்னணி மென்பொருள்களை மட்டும் நிறுத்தித் தொடங்கும் கிளீன் பூட் முறையே இதற்கு ஏற்றது. விண்டோஸ் தொடங்கும் விதத்தை மாற்ற உதவும் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து, பின்னணியில் ஓடும் சேவைகளின் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் சேவைகளை முதலில் மறைத்துவிட்டு, மற்றவற்றை நிறுத்தி, டாஸ்க் மேனேஜரில், கணினியுடன் தானாகத் தொடங்கும் மென்பொருள்களின் ஸ்டார்ட்அப் பட்டியலையும் முடக்கி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். சிக்கல் தீர்ந்தால், நிறுத்தியவற்றில் பாதியை இயக்கிப் பார்த்து, தவறு எந்தப் பாதியில் என்று கண்டு, அதை மீண்டும் இரண்டாக்கிக்கொண்டே போகலாம். குற்றவாளி ஒன்றுதான் என்றால், 32 சேவைகள் இருந்தாலும் ஐந்தே சுற்றுகளில் அகப்பட்டுவிடும். இரண்டு மென்பொருள்கள் சேர்ந்தால் மட்டுமே மோதல் வரும் என்ற நிலையில் சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டும். இந்தச் சோதனையால் வைரஸ் தடுப்பு முடங்கியிருக்கும் நேரத்தில் இணையத்தைத் துண்டித்து வைப்பதும், முடிந்தபின் எல்லாவற்றையும் பழையபடி இயக்குவதும் அவசியம்.

விண்டோஸ் தொடங்கும் முன்பே, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையிலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால் வன்பொருள் பழுது என்றே கருதலாம். அப்போதும் கேபிளையும் வேறொரு மானிட்டரையும் மாற்றிப் பார்த்துவிட வேண்டும்.

கார்டை மாற்றச் சொல்லும் கடைகள், கிளீன் பூட் சோதனை செய்யப்பட்டதா, அதில் என்ன தெரிந்தது என்பதை ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். வாடிக்கையாளர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் இந்தச் சோதனையைப் படங்களுடன் விளக்கி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சி