ராயபுரத்திலிருந்து தொடங்கு

காட்பாடி

அன்புள்ள ஜெயபால்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பாலாற்றில் தண்ணீர் ஓடுவதால் விருதம்பட்டுப் பாலத்தில் சாயங்காலமானால் கூட்டம்தான்.

அரையாண்டு லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளை மெட்ராஸ் அழைத்துப் போக வேண்டும், ஒரு நாளில் எதைக் காட்டலாம் என்று கேட்டிருந்தாய். நீ எழுதிய பட்டியலில் வண்டலூர், மால், தி.நகர் எல்லாம் இருக்கிறது. அத்தனையையும் ஒரே நாளில் போட்டால் பிள்ளைகள் பார்ப்பது பஸ் ஜன்னலை மட்டும்தான். கடலோரத்தை மட்டும் எடுத்துக்கொள். வடக்கே ராயபுரத்தில் தொடங்கித் தெற்கே கலங்கரை விளக்கத்தில் முடி. ராயபுரத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856 ஜூலை 1 அன்று அங்கிருந்துதான் திறந்தது. அது வந்து நின்ற இடம் நம்ம வாலாஜா ரோடு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மெட்ராஸை அந்த முனையிலிருந்து காட்டுவதுதான் நியாயம்.

சனிக்கிழமையாகப் பார்த்துப் போ. வெள்ளிக்கிழமை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் கிடையாது, திங்கட்கிழமை கலங்கரை விளக்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு. குடியாத்தத்தில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடி. சென்ட்ரல் வரை போகாமல் பெரம்பூரில் இறங்கி, ராயபுரத்துக்குப் புது டிக்கெட் எடு. எல்லோரும் தவறுவது இங்கேதான்: அடுத்து வரும் மின்சார ரயிலில் ஏறிவிடுவார்கள், அது மூர்மார்க்கெட் வண்டியாக இருந்தால் பேசின் பிரிட்ஜ் வழியாக நேரே சென்ட்ரல் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். 'கடற்கரை' என்று பலகை போட்ட வண்டிதான் வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டை வழியாக ராயபுரம் போகும்.

நிலையத்தின் முகப்பு நடைமேடையிலிருந்து தெரியாது. சாலைப் பக்கம் வந்து, உயரமான தூண்வரிசையை நேரெதிரே நின்று பார்க்க வேண்டும். இந்தியாவில் இன்னும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டிடம் இதுதான். பம்பாயிலும் தாணேயிலும் முதலில் கட்டியவை இன்று இல்லை. கால் மணி நேரம் போதும். கோட்டைக்கு டிக்கெட் எடுத்து, கடற்கரை நிலையத்தில் வண்டி மாறினால் அடுத்ததே கோட்டை நிலையம்.

கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் இருப்பதால் வாசலில் பையைச் சோதிப்பார்கள். பெரியவர்கள் ஆதார் அட்டை கையில் வைத்திருப்பது நல்லது. அருங்காட்சியகத்தில் நாணயம், பீங்கான் தட்டு எல்லாவற்றின் முன்னாலும் நிற்காதே. ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் சிலைக்குப் போ, சிலையை விட அதன் பீடத்தைப் பார். 1792-ல் திப்புவின் இரண்டு பிள்ளைகள் பணயமாக ஒப்படைக்கப்படும் காட்சியைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். 1799-ல் திப்பு விழுந்த பிறகு அந்தக் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தது நம் வேலூர்க் கோட்டையில். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்குப் பின் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். வேலூரில் திப்பு மஹாலை வெளியிலிருந்து பார்த்த பிள்ளைகளுக்கு இந்தச் சிற்பம் உடனே பிடிபடும். அருங்காட்சியகக் கட்டிடத்தின் மாடியில்தான் 1796-ல் மெட்ராஸின் முதல் கலங்கரை விளக்கு எரிந்தது என்பதையும் சொல்லிவை, பிற்பகலில் உதவும்.

அங்கிருந்து வேளச்சேரி வண்டியில் சேப்பாக்கம். கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டினால் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768-ல் கட்டிய அரண்மனை. முன்னால் அரசு அலுவலகங்கள் எழும்பி மறைத்துவிட்டன. உள்ளே சுற்றிப் பார்க்க முடியாது, ஒரு பகுதியில் பசுமைத் தீர்ப்பாயம் நடக்கிறது. அரண்மனையின் ஒரு பகுதியான கலச மஹால் 2012 தீயில் எரிந்து, மறுபடி சீரமைத்தது. ஆற்காட்டுக்காரன் அரண்மனை கடலைப் பார்த்து நின்றது, இப்போது அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. பக்கத்துச் சாலைக்குப் பெயரே வாலாஜா சாலை.

திருவல்லிக்கேணியில் 1795-ல் எழும்பிய வாலாஜா பெரிய பள்ளிவாசலை விடாதே. சாம்பல் நிறக் கருங்கல். அதைக் கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டை எழுதியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து. தொழுகை நேரம் தவிர்த்துப் போ. மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள். ரத்னா கபேயில் இட்லி மூழ்க மூழ்க சாம்பார் ஊற்றுவார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பார்த்தசாரதி கோயில் நடை மதியம் சாத்தினால் திறக்க நாலு மணி ஆகும். வெயிலில் வாசலில் காத்திருக்காமல், அடுத்த நிலையமான கலங்கரை விளக்கத்துக்குப் போய் மூன்று மணிக்கு லிப்டில் மேலே ஏறிவிடுங்கள். 1977 முதல் எரியும் விளக்கு இது, நகரத்துக்கு நாலாவது. இரண்டாவதும் மூன்றாவதும் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்தவை.

மேலே நிற்கும்போது வடக்கே துறைமுகத்தைக் காட்டு. மெரினாவின் இவ்வளவு அகல மணலுக்குக் காரணம் அதுதான். நம் கரையில் ஆண்டு முழுதும் கணக்குப் பார்த்தால் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டதும் மணல் வழிமறிக்கப்பட்டுத் தெற்கே குவிந்தது, மெரினா அகன்றது. வடக்கே போய்ச் சேர வேண்டிய மணல் சேராமல் ராயபுரம், காசிமேடு கரையை அலை அரித்தது. அங்கே இன்று மணலுக்குப் பதில் பாறாங்கல் கொட்டியிருப்பது அதனால்தான். கடற்கரை என்றால் இயற்கை, துறைமுகம் என்றால் கட்டுமானம் என்று பிள்ளைகள் தனித்தனியாக நினைத்துவிடக் கூடாது.

திருவல்லிக்கேணி திரும்பி, கோயில் முடித்து இருட்டுவதற்குள் மணலுக்குப் போங்கள். கால் நனைக்கலாம், இடுப்பளவுக்கு விடாதே. அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும், நீச்சல் தெரிந்தவனும் அங்கே தப்புவது கஷ்டம். அண்ணி வருவதானால், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே உள்ள மரப்பாதையில் தண்ணீர்ப் பக்கம் வரை போகலாம், முட்டிவலிக்கு மணல் ஆகாது.

திரும்ப சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ ஏறி, பார்க் டவுனில் இறங்கினால் எதிரே சென்ட்ரல். இரவு வண்டிக்கு முன்பதிவு இப்போதே செய்துவிடு, லீவு நேரத்தில் பொதுப்பெட்டியில் பிள்ளைகளோடு ஏற முடியாது. தேதி முடிவானால் எழுது, காட்பாடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு நிற்கிறேன்.

அன்புடன்,
சம்பந்தம்