டிரைவரைத் தொடுவதற்கு முன்னால்

அன்புள்ள முரளிக்கு,

கடிதம் கிடைத்தது. மகள் இணையத்தில் வயலின் வகுப்பு எடுக்கப்போகிறாள் என்பதில் ரொம்ப சந்தோஷம். கணினியில் மைக் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த விஷயத்துக்கு வருகிறேன். டிரைவரை, அதாவது மைக்கை இயக்க விண்டோஸுக்கு உதவும் மென்பொருளை, மாற்றி மாற்றிப் போட்டும் சரியாகவில்லை என்கிறாய். கொஞ்ச நேரம் டிரைவரை மறந்துவிடு. குரல் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் போய், இன்புட் பகுதியில் உன் மைக்கின் பெயரைச் சொடுக்கு. உள்ளே 'ஸ்டார்ட் டெஸ்ட்' இருக்கும். அதை அழுத்திப் பேசு, கோடு அசைகிறதா பார்.

அசைந்தால் டிரைவர் நன்றாகவே இருக்கிறது, கோளாறு வகுப்பு நடத்தும் செயலியில். வெப்கேமில் இருக்கும் மைக்கை அது பிடித்துக்கொண்டிருக்கும், செயலியின் ஆடியோ அமைப்பில் மாற்று. அல்லது விண்டோஸின் பிரைவசி அமைப்பில் மைக்குக்கான அனுமதி மூடியிருக்கும். அந்தப் பக்கத்தின் கீழே 'டெஸ்க்டாப் ஆப்ஸ்' என்று தனி சுவிட்ச் உண்டு, பலர் கவனிப்பதே இல்லை. அது மூடியிருந்தால் பெரும்பாலும் எச்சரிக்கை எதுவும் வராது, வெறும் மௌனம்தான் பதிவாகும்.

கோடு அசையாவிட்டால் பிளக்கைக் கையில் எடுத்துப் பார். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் அது கைபேசிக்கான ஹெட்செட், ஒலியும் மைக்கும் ஒரே முனையில். மேசைக் கணினியின் பின்பக்கத்துப் பச்சைத் துளை இரண்டு வளையப் பிளக்குக்கானது. அதில் இதைச் செருகினால் காதில் பாட்டு அருமையாகக் கேட்கும், மைக் மட்டும் செத்துக் கிடக்கும். ஒலி வருகிறதே, அப்படியானால் டிரைவர்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டுவது இங்கேதான். ஒரு முனையைப் பச்சைத் துளைக்கும், மைக்குக்கான இளஞ்சிவப்புத் துளைக்கும் பிரித்துத் தரும் ஸ்பிளிட்டர் கேபிள் போதும். மடிக்கணினி என்றால் விசைப்பலகையின் மைக் மியூட் விசையையும் பார்த்துவிடு.

குரல் மெலிதாக வருகிறதா? சவுண்ட் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்', அதில் ரெக்கார்டிங், மைக்கின் பிராப்பர்ட்டீஸ், லெவல்ஸ். அங்கே மைக்ரோஃபோன் பூஸ்ட் 10 டெசிபல் படிகளில் ஏறும். 20 டெசிபல் என்றால் மின்னழுத்தம் பத்து மடங்கு. இரைச்சலும் அதே பத்து மடங்குதான், அதனால் 30 வரை ஏற்றாதே. யூஎஸ்பி மைக்கில் இந்தப் பூஸ்ட் பெரும்பாலும் இருக்காது, காணோம் என்று பதற வேண்டாம். 48 வோல்ட் கேட்கும் ஸ்டூடியோ கண்டென்சர் மைக்கை இளஞ்சிவப்புத் துளையில் மாட்டிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. அந்தத் துளை தருவது சில வோல்ட்தான். அதற்கு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்குக்கு அந்த மின்சாரத்தைக் கொடுத்துக் குரலைக் கணினிக்கு அனுப்பும் தனிப் பெட்டி, வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும், கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திற. மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் இரட்டைச் சொடுக்கிக் குறியீட்டு எண்ணைப் படி. 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 10 என்றால் சாதனம் தொடங்க முடியவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் முதலில் முந்தைய டிரைவருக்குத் திரும்பும் 'ரோல் பேக் டிரைவர்'. அது மங்கலாக இருந்தால், டிரைவரையும் நீக்கும் கட்டத்தில் டிக் வைத்து அன்இன்ஸ்டால் செய். அடுத்து ரீஸ்டார்ட் கொடு, ஷட் டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஷட் டவுன் விண்டோஸின் மையப் பகுதியான கர்னலின் நிலையைச் சேமித்து வைத்து அதையே மறுபடி எழுப்பும்.

கணினி எழுந்ததும் விண்டோஸ் பெரும்பாலும் தன் பொது டிரைவரை, 'ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ்' என்ற பெயரில், தானே போட்டுக்கொள்ளும். அதில் மைக் வேலை செய்தால் பழைய டிரைவர்தான் குற்றவாளி. புதியதை மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்தில் உன் மாடல் எண்ணைக் கொடுத்து எடு. ஒலியைக் கையாளும் ரியல்டெக் சிப் ஒன்றாகவே இருந்தாலும் எந்த முனை எதற்கு என்ற இணைப்பு போர்டுக்குப் போர்டு மாறும். புதிய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் உள்ளே பதித்த மைக் 'ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி' டிரைவர் வழியாகத்தான் பேசும். அது விடுபட்டால் அந்த மைக் பட்டியலிலேயே வராது. 'எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்னும் மென்பொருள் பக்கமே போகாதே.

வயலினுக்குத் தனியாக ஒன்று. ஒலியைத் தானே திருத்தும் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை மைக்கில் அணைத்து, வகுப்புச் செயலியின் நாய்ஸ் சப்ரஷனையும், அதாவது இரைச்சலை நீக்கும் வசதியையும், நிறுத்தச் சொல். நீளமாக இழுக்கும் ஸ்வரத்தை அது மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். புளூடூத் ஹெட்செட் மைக்கும் வேண்டாம். மைக் திறந்தவுடன் ஒலித் தரம் வழக்கமாக 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவுக்கு (ஒற்றைத் தட ஒலி) இறங்கிவிடும், வயலினின் மேல் ஒலிகள் அடிபட்டுப்போகும்.

பதில் எழுதும்போது கோடு அசைந்ததா, வளையம் எத்தனை, குறியீட்டு எண் என்ன என்று மூன்றையும் எழுது. மகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
சேகர்