கீரைத் தோட்டப் பாசன நீரில் கழிவுநீர்: மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
பாலாற்றங்கரைக் கீரை, காய்கறி விவசாயிகள்,
வேலூர் வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: பாசனக் கால்வாயில் கழிவுநீர் கலப்பதைத் தடுக்கவும், நீரில் கிருமிப் பரிசோதனை செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் கொத்தமல்லி, புதினா, வெள்ளரி, கீரை வகைகள் பயிரிட்டு நேதாஜி மார்க்கெட்டுக்கும் உழவர் சந்தைக்கும் கொண்டுபோகிறோம். பாசனம் ஏரிக் கால்வாயை நம்பித்தான். மேற்கே வீடுகள் பெருகியபின் கக்கூஸ் தொட்டி வழியும் தண்ணீரும் அதே கால்வாயில் விழுகிறது. கோடையில் வருவதே அது மட்டும்தான். ஒட்டியுள்ள கிணறுகளிலும் இப்போது நாற்றம்.

அரைக்கீரையும் சிறுகீரையும் அடுப்பில் வெந்துவிடும், கிருமியும் செத்துவிடும். பச்சையாகச் சாப்பிடுவதை நினைத்தால்தான் பயம். புதினாவை அப்படியே சட்னிக்கு அரைக்கிறார்கள். கொத்தமல்லியை ரசம் இறக்கியபின் தூவுகிறார்கள். வெள்ளரிப் பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தடவி பஸ் ஸ்டாண்டில் விற்கிறார்கள். மலத்திலிருந்து வரும் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற பாக்டீரியா இலையில் ஒட்டிவிட்டால் நல்ல தண்ணீரில் அலசினாலும் முழுதாகப் போகாது. எங்களுக்கோ நல்ல தண்ணீரும் கிடையாது. விடியுமுன் பிடுங்கி, கட்டுக் கட்டி, வேர்மண் போக அந்தக் கால்வாயிலேயே முக்கியெடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி மொபெட்டில் ஏற்றுகிறோம். ஈரமும் வேலூர் வெயிலும் சேர்ந்தால் கிருமி பெருகக் கேட்கவா வேண்டும்?

2011-ல் ஜெர்மனியில் ஈ.கோலை பரவி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மேல் பழி விழுந்தது. வாங்க ஆளில்லாமல் அந்த விவசாயிகள் காயைக் கொட்டி அழித்தார்கள். கடைசியில் பார்த்தால் காரணம் முளைகட்டிய வெந்தயம். நாளை இங்கே நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் முதலில் கைகாட்டப்படுவது கீரைக்காரர்தான். தண்ணீரைப் பரிசோதித்த தாள் ஒன்றுகூட எங்கள் கையில் இல்லை. மண் பரிசோதனை நிலையத்தில் உப்பும் காரமும் பார்ப்பார்கள், கிருமி பார்ப்பதில்லை.

ஆகவே, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் மூலம் எங்கள் கால்வாய், கிணற்று நீரைக் கோடையிலும் மழைக்காலத்திலும் பரிசோதித்து, முடிவை எழுத்தில் தர வேண்டுகிறோம். கழிவுநீர்க் குழாய்களைக் கால்வாயிலிருந்து பிரித்துவிட உத்தரவிட வேண்டும். இதுதான் முக்கியம், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். அதுவரைக்கும் கீரை அலச, தோட்டங்களுக்கு அருகே ஆழ்துளைக் கிணற்று நீருடன் ஒரு சிமெண்ட் தொட்டியாவது கட்டித் தரலாம். கோழி எருவையும் சாணத்தையும் மக்கவிடாமல் போடுவதிலும் இதே ஆபத்து உண்டு என்கிறார்கள். குவியல் 55 டிகிரிக்கு மேல் சூடேறும்படி கிளறி மக்கவைக்கும் முறையை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தார் எங்கள் ஊருக்கே வந்து செய்துகாட்டினால் நல்லது.

அதிகாரிகள் பார்வையிட வந்தால், குழாய்கள் விழும் இடங்களைக் கூடவே வந்து காட்டுகிறோம். காலை ஏழு மணிக்கு முன் வந்தால் தண்ணீரின் நிறம் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரைக் கீரை, காய்கறி விவசாயிகள்