இத்தாலியில், பதுவையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

சாப்பிட்டாயா? அங்கே மூடுபனி இறங்கிவிட்டது என்று போனில் பார்த்தேன். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. சேலத்து அத்தை விஷயம் நீ சொன்னபடியே முடிந்தது, நேரில் சொல்கிறேன். மேரி அக்கா செவ்வாய்க்கிழமை தவறாமல் பதுவை அந்தோணியாருக்கு உன் பெயரைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றுகிறாள்.

இந்த வாரம் முழுக்க உன் பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் படித்தேன். இத்தனை காலம் வரலாறு பாடம் எடுத்த எனக்கே இது தெரியாது. அரசனோ போப்போ தொடங்கிய இடம் இல்லையாம். 1222இல் பொலோனா பல்கலைக்கழகத்தில் மனம் ஒப்பாத மாணவர்களும் ஆசிரியர்களும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து உண்டாக்கியதாம். ஓர் இடம் ஒத்துவரவில்லை என்று கிளம்பியவர்களை எப்படித் தப்பு சொல்வது?

கலிலியோவும் அப்படித்தான். பீசாவில் மருத்துவம் படிக்கப் போய், 1585இல் பட்டம் வாங்காமலே வெளியே வந்தவர். 1592இல் பதுவைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டார். தங்கைகளின் சீதனக் கடன் தலைக்கு மேல் இருந்ததால் வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்து டியூஷனும் எடுத்தார். வியாழனின் நிலவுகளை 1610 ஜனவரியில் அங்கிருந்துதான் பார்த்தார். அந்த 18 ஆண்டுகள்தான் தன் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று வயதான பிறகு எழுதினாராம்.

அதற்காகப் பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டம் முக்கியம். உன் பல்கலைக்கழகத்தில்தான் எலேனா கொர்னாரோ என்ற பெண் இறையியலில் டாக்டர் பட்டம் கேட்டார். பெண்ணுக்குத் தர முடியாது என்று ஆயர் மறுத்துவிட்டார். சரி, தத்துவத்தில் கொடுங்கள் என்று ஆனது. 1678 ஜூன் 25 அன்று, கூட்டம் தாங்காமல் பேராலயத்தில் வைத்துத் தேர்வு நடந்தது. தேறினார். பல்கலைக்கழகத்தின் போ மாளிகைப் படிக்கட்டின் அடியில் அவர் சிலை இருக்கிறதே, அதன் பக்கத்தில் நின்று நீ அனுப்பிய படத்தை அப்பா தெரு முழுக்கக் காட்டிவிட்டார். அத்தனை பெருமை அவருக்கு.

அங்கே 30க்கு 18 எடுத்தால் போதும், மார்க் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதலாம் என்று நீதானே சொன்னாய்? ஜூலைக்குப் பிறகு எந்தத் தேர்வைப் பற்றியும் நீ வாய் திறக்கவில்லை. கேட்டால் நெட் சரியில்லை என்கிறாய். தம்பிக்கு மட்டும் மெசேஜ் போகிறது, அவனும் சொல்ல மாட்டேன் என்கிறான். என்னிடம் மறைக்கும் அளவுக்கு என்ன இருக்கிறது? மறுபடி எழுதலாம். பாடத்தை மாற்றலாம். கிளம்பியும் வரலாம். லோனை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்கிறோம், வங்கியில் விசாரித்துவிட்டேன்.

ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. கழுத்தை மூடிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா சங்கக் கூட்டத்துக்குப் போய்விடுவார். நான் மட்டும்தான் இருப்பேன். அப்போது கூப்பிடு.

அம்மா