காய்ச்சலோடு பிள்ளையை பஸ் ஏற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகிறவர்களின் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். எந்தப் பிள்ளைக்குத் தடிமன், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒரு கொப்பியில் குறித்து வைப்பது என் வழக்கம். போன மாதம் அதில் என் வீட்டையே எழுத வேண்டியதாயிற்று.

மகள் கண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் விடுதியில் தங்கி இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒரு புதன்கிழமை காலை உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, 102 காய்ச்சல். விடுதியில் சொன்னாளாம். "வீட்டுக்குப் போய்ச் சுகமாகி வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றக் கூடாதாம். சரி, நல்ல எண்ணம்தான். வீடு எங்கே, எப்படிப் போவாய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கண்டியிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து நோர்வூட் வழியாக இன்னொரு பஸ், அப்புறம் ஓட்டோ. கினிகத்தேனையில் மழை பிடித்ததும் பஸ் கண்ணாடிகளை இழுத்து மூடிவிட்டார்கள். நெருக்கியடித்து நின்ற சனத்துக்கு நடுவே இருமிக்கொண்டே வந்திருக்கிறாள். இன்புளுவன்சா என்கிற ப்ளூ, காய்ச்சல் காட்டுவதற்கு ஒரு நாள் முன்பே தொற்றத் தொடங்கும், முதல் மூன்று நான்கு நாட்கள்தான் கடுமையாகத் தொற்றும் என்று எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸி அடிக்கடி சொல்வார். அந்த நாளாகப் பார்த்துத்தான் பிள்ளையை பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள்.

வீடு என்றால் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு, ஐந்து பேர். மகளை இஸ்தோப்பில் தனியாகப் படுக்க வைத்தேன். நடுச்சாமத்தில் குளிர் தாங்காமல் கம்பளியைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்துவிட்டாள். போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை மாமிக்கு வந்தது. அவருக்கு வயது 71, ஏற்கனவே மூச்சிழுப்பு உள்ளவர். ஆறு நாள் வார்ட்டில் இருந்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் என் கணவருக்கு இரண்டு நாள் பேர் விழவில்லை, அந்த நாட்கூலி போயிற்று.

காய்ச்சல் வந்த பிள்ளைகளைத் தனியாகப் படுக்க வைக்க விடுதிக்கு ஓர் அறை போதும். நாலு கட்டில், திறக்கக்கூடிய ஜன்னல். சோறும் கறியும் இறங்காத பிள்ளைக்குக் கொஞ்சம் கஞ்சி, கொத்தமல்லித் தண்ணி. அறைகளில் கேத்தல் வைக்கக் கூடாது என்பது விதி; அப்படியானால் சமையற்கட்டிலாவது ஒரு போத்தல் சுடுதண்ணி கொடுக்கலாமே. எட்டுப் பேர் இருக்கும் மகளின் அறையில் தண்ணீர் குடிக்க ஒரே கப் என்று கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. அது பிள்ளைகளின் தப்பு. கப் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் வரவு. 80 வீதம் இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. திங்கட்கிழமையே தொண்டை கரகரத்திருக்கிறது. வரவு போய்விடும் என்று இரண்டு நாள் விரிவுரைக்குப் போயிருக்கிறாள். டொக்டரிடம் மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிக் கொடுக்கலாம்தான், அதற்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரி ஓபிடி வரிசையில் நிற்க வேண்டும். பிள்ளையின் பேச்சை நம்பி மூன்று நாள் லீவு கொடுத்தால் என்ன? நாலு பேர் பொய் சொல்லித் தூங்குவார்கள். தூங்கட்டும்.

மாத்திரை விஷயத்திலும் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். உடம்பு வலிக்கிறது என்றதும் கூட்டாளி ஒருத்தி டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை கொடுத்திருக்கிறாள். கண்டி டெங்கு உள்ள இடம். முதல் இரண்டு நாளில் டெங்கா, ப்ளூவா என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது. டெங்காக இருந்தால் அந்த மாத்திரையும் இபுப்ரொஃபெனும் அஸ்பிரினும் இரத்தக் கசிவைக் கிளப்பிவிடும். பெனடோல், அதாவது பரசிட்டமோல், மட்டும் போடலாம். அதுவும் 500 மில்லிகிராம் மாத்திரை, வளர்ந்த ஆளுக்கு நாளுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. மெலிந்த பிள்ளைக்கு இன்னும் குறைவு. தடிமனுக்கென்று கடையில் விற்கும் பல மாத்திரைகளிலும் அதே மருந்து இருப்பது மகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தம் சோதிக்க வேண்டும். போன தடவை மிஞ்சிய அன்டிபயோட்டிக் வைரசுக்குக் கேட்காது.

ப்ளூ ஊசி இருக்கிறதே என்பார்கள். பிள்ளைகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் போடுகிற ஊசிகளில் அது இல்லை. வருடா வருடம் காசு கொடுத்துப் போட வேண்டும். தோட்டத்துச் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா?

மே, ஜூனில் ஒருமுறையும் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் மறுபடியும் இந்தக் காய்ச்சல் கூடுவது புதினமல்ல. அடுத்த சுற்றுக்கு முன் அந்த நாலு கட்டிலைப் போட்டுவிடலாம்.

நேற்று இரவு மகள் போன் எடுத்தாள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலாம். இப்போதுதான் பதுளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன், அம்மா என்றாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பொகவந்தலாவை.