கடைப் பெயருக்குக் கீழே ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு தொழில் செய்வோர் பலர் பணம் செலவழித்து இணையதளம் தொடங்குகிறார்கள். ஆனால் முகப்பில் கடைப் பெயருக்குக் கீழே வரும் வரியை டிசைனரிடமே விட்டுவிடுகிறார்கள். அவரும் ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று போட்டு முடித்துவிடுகிறார். அது நகைக்கடைக்கும் பொருந்தும், நர்சரிப் பள்ளிக்கும் பொருந்தும். இது வீணாகப் போகும் இடம் என்பதுதான் வருத்தம்.

பொள்ளாச்சியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பம்பு நின்றுபோய்ச் செல்போனில் தேடும் விவசாயிக்குத் தெரிய வேண்டியது, என் மோட்டாரைப் பார்ப்பார்களா, எப்போது கிடைக்கும், கடை எங்கே என்பதுதான். ‘பம்பு மோட்டார் காயில், இரண்டே நாளில் கையில் – பொள்ளாச்சி’ என்றால் மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும். எதுகை தானாக அமைந்தால் வைத்துக்கொள்ளலாம். அதற்காக விவரத்தை விட்டுவிடக் கூடாது.

‘ஒரே நாளில்’ என்று போடத்தான் ஆசை வரும். மோனோபிளாக் (பம்பும் மோட்டாரும் ஒன்றாக இணைந்த) மோட்டாரில் எரிந்த கம்பியை உருவி, புதுக் காயில் இறக்கி, வார்னிஷ் விட்டு, அது உள்ளே வரை காய வேண்டும். காயாமல் பூட்டினால் மறுபடி எரியும். கோடையில் மோட்டார்கள் குவியும்போது சொன்ன நேரம் நிச்சயம் தவறும். ஆகவே வேலை அதிகமுள்ள மாதத்தை வைத்தே நாளைச் சொல்ல வேண்டும்.

எதை எழுதுவது என்று புரியாவிட்டால், கடைக்கு வரும் போன்களில் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அடிக்கடி வரும் கேள்விக்கான பதில்தான் உங்கள் வரி. எழுதியதும் போட்டிக் கடையின் பெயருக்குக் கீழே அதை வைத்துப் பாருங்கள். அங்கும் பொருந்தினால் அதை நீக்கிவிடுங்கள். ஏழெட்டுச் சொல்லைத் தாண்டினால் செல்போன் திரையில் மூன்று, நான்கு வரியாக மடிந்துவிடும். இந்த வரி கூகுள் தேடல் முடிவின் தலைப்பில் வந்தால், அங்கும் இடத்துக்கு மேல் நீளும் பகுதி வெட்டுப்படும். தமிழ் எழுத்துகளுக்கு அகலம் அதிகம். அதனால் தொழிலின் பெயர் முன்னால் வரட்டும்.

‘தமிழகத்தின் நம்பர் 1’ வேண்டவே வேண்டாம். இணையதளத்தில் போடுவதும் சட்டப்படி விளம்பரமே. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

வரியை பேனர் படத்துக்குள் வைத்துத் தந்தால் டிசைனரிடம் திருப்பிக் கொடுங்கள். செல்போனில் எழுத்து பொடியாகிவிடும். பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கும் எட்டாது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டினால் குப்பை எழுத்தாகத் தெரியும். எல்லாக் கருவியிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு முறையில்தான் வேண்டும் என்று கேளுங்கள். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்த தளமென்றால் பொது அமைப்புகள் பக்கத்தில் இந்த வரிக்கென்றே கட்டம் இருக்கிறது. 2022-க்கு முன் தொடங்கிய தளங்கள் பலவற்றில் அங்கே ‘ஜஸ்ட் அனதர் வேர்ட்பிரஸ் சைட்’ (இன்னுமொரு வேர்ட்பிரஸ் தளம்) என்று மென்பொருளே போட்ட வரி இன்னும் கிடக்கிறது. கடைக்காரர்கள் இன்றே திறந்து பார்ப்பது நல்லது.

– இணையதள வடிவமைப்பாளர்கள் சிலர், கோவை